தாராப்படைக்கு உபயகாரர்

ஜெர்மனியில் நிலைகொண்டிருந்த ஒரு காவற்படைக்கு யார் தீனி போடுவது என்று தாய்நாடும் குடியேற்றமும் முறைத்துக்கொண்டு நின்றபோது, அரைக் காற்சட்டையும் இறப்பர்ச் செருப்புமாகப் போய், ஒரு சீனவெடிகூட வெடிக்காமல் பேசித் தீர்த்துவைத்தவன் நான். கடைசியில் தாய்நாடே குடியேற்றத்தின் கையைப் பிடித்து, செலவு முழுவதையும் தன் தலையில் போடும்படி கெஞ்சியது. சரித்திரத்தில் எந்தப் பேரரசும் அப்படிக் கெஞ்சியதில்லை. கெஞ்சியிருந்தால் உலகத்தில் பாதிச் சண்டைகள் நடந்திராது.

நம்பக் கஷ்டம்தான். என் கூட்டாளி தபோதரனும் நம்பவில்லை. அவன் தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்றவன். முகவரி இல்லாமல் வருகிற எதையும் திருப்பி அனுப்பிவிடுவான். நானோ பிராங்பேர்ட் விமானநிலையத்தில் பெட்டி ஏற்றி ஓய்வுபெற்றவன். உலகத்தில் பறந்த பெட்டிகளில் பாதி இந்த அரியரத்தினத்தின் முதுகைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் பறந்தன. இதையும் அவன் நம்புவதில்லை.

குடியேற்றம் என்று நான் சொல்வது எங்கள் தோட்டங்களை. மாடிவீடுகளில் இருப்பவர்களுக்கு நகரத்தின் ஓரத்தில் துண்டு துண்டாகத் தோட்டநிலம் வாடகைக்குக் கொடுப்பது இங்கே பழக்கம். அப்படிப் பல துண்டுகள் சேர்ந்த இடத்தை ஜெர்மன்காரர் கொலனி என்பார்கள். எங்கள் கொலனியின் பெயர் மொர்கன்டாவ், அதாவது காலைப்பனி. ஒருபக்கம் எஸ்-பான் ரயில் ஓடும் மேடு, மறுபக்கம் ஆற்றோரப் புல்வெளி. விடியற்புறத்தில் புல்வெளியிலிருந்து பனிப்புகார் எழுந்து வேலிகளை ஒவ்வொன்றாக விழுங்கும். அப்போது ரயில்பெட்டிகள் மட்டும் வெளிச்சம் போட்ட யன்னல்களோடு, கீழே தண்டவாளம் இல்லாமல், வானத்தில் மிதந்து போகும். விமானங்கள் அப்பிள் மரங்களை உரசிக்கொண்டு இறங்கும். ஒருநாள் ஒரு விமானி யன்னலால் கையை நீட்டி என் மரத்தில் ஒரு பழம் பிடுங்கினார் என்று சொன்னால் தபோதரன் காதைப் பொத்திக்கொள்கிறான்.

இந்தக் கொலனிகளுக்கு மேலே நகரத் தோட்டச் சங்கம் இருக்கிறது. நாங்கள் தாய்ச்சங்கம் என்போம். வேலி எவ்வளவு உயரம், எந்நேரம் புல் வெட்டலாம், மத்தியானத்தில் எவ்வளவு மெதுவாக மூச்சுவிடலாம் என்பதெல்லாம் அதன் சட்டம். அவற்றுக்குள் பெரிய சட்டம் ஒன்று உண்டு. தோட்டத்தின் மூன்றில் ஒரு பங்கில் மரக்கறியோ பழமோ விளையவேண்டும். ஓகஸ்ட் மாதத்தில் ‘பெகேஹுங்’ என்று சொல்லிக்கொண்டு சங்கத்தார் ஒவ்வொரு தோட்டமாக நடந்து பார்ப்பார்கள். விளைச்சல் இல்லையென்றால் எச்சரிக்கை வரும். அடுத்த வருடமும் இல்லையென்றால் தோட்டம் போய்விடும். வரிசையில் நிற்கிற சனத்தின் வால் ஹனோவர் வரைக்கும் நீளும்.

அந்தச் சட்டம் தபோதரனின் அக்கா நேசமலரைப் பிடித்துக்கொண்டது.

நேசமலர் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் காலம் முழுக்க வேலைசெய்தவர். அவருடைய வீட்டு யன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர்தான் எட்டிப் பார்க்கும். வானம் பார்க்க அவருக்கிருந்த ஒரே இடம் அந்தத் தோட்டம். ஆனால் அது கடைசித் தோட்டம், புல்வெளி ஓரம். புல்வெளியில்தான் ஓடில்லாத நத்தைகளின் ராச்சியம். செங்கல் நிறத்தில், என் செருப்பளவில், ஈரம் பட்டதும் புறப்பட்டு வரும். முதல் கண்ணில் படுவது நேசமலரின் தோட்டம். மாலையில் நட்ட பூசணிக் கன்று காலையில் இல்லை. கன்றுக்குப் பக்கத்தில் ஊன்றிய தடியும் இல்லை. ஒருநாள் பிளாஸ்ரிக் வாளியின் கைபிடியையும் தின்றுவிட்டு, ஏப்பம் விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. போன ஓகஸ்டில் சங்கத்தார் வந்து வெறும் மண்ணைப் பார்த்துவிட்டு எச்சரிக்கை கொடுத்துப் போனார்கள். இந்த ஓகஸ்டிலும் வெறும் மண் என்றால் தோட்டத்துக் கதவின் திறப்பைக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

“உதைக் குடுத்துப்போட்டு வீட்டிலை இரு அக்கா. நத்தையோடை ஆர் மல்லுக்கட்டுறது?” என்று சொல்லிவிட்டு, தபோதரன் ஓகஸ்டில் பேரப்பிள்ளை பிறக்கும்வரை துணையிருக்க ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் மகளிடம் போய்விட்டான். நேசமலர் மறுநாளும் கீரை விதை தூவினார். மறுநாளும் நத்தை வந்தது.

வசந்தத்தில் தாய்ச்சங்கம் படையை அனுப்பியது.

தாராக்கள்தான், அதாவது வாத்துகள். ஆனால் நீங்கள் கண்ட தாராக்கள் இல்லை. நீந்துவதில் பெரிய விருப்பமில்லாத, பறக்கத் தெரியாத, போத்தல்களை நிமிர்த்தி வைத்ததுபோல நேராக நின்று, ஒன்றின் பின் ஒன்றாக நடக்கிற சாதி. நத்தை என்றால் உயிர். அவற்றை இந்திய ஓட்டத் தாரா என்றுதான் இங்கே சொல்வார்கள். தொலைபேசியில் இந்தப் பெயரைக் கேட்டதும் தபோதரன், “இந்தியப் படையோ? அண்ணை, அது எங்கட ஊருக்கு ஒருக்கா வந்து போனதே காணும்” என்றான்.

நான் பார்த்த அளவில் ஒரு படைப்பிரிவு தேறும். எண்ணிப் பார்த்தவர்கள் பன்னிரண்டு என்றார்கள். எண்ணுகிறவர்களுக்கு மனதில் அகலம் போதாது. புகாருக்குள் அவை வருவதைப் பார்க்கவேண்டும். முதலில் கழுத்துகள் மட்டும் தெரியும். பிறகு மார்புகள். கால்கள் தெரிவதே இல்லை. மிதந்து வந்து, ஒரே நேரத்தில் ஒரே பக்கம் திரும்பும். ஒரு கிழமையில் எல்லைப்புறத்தில் நத்தைக் குலம் ஒப்பாரி வைத்தது. நேசமலரின் மண்ணில் முதல் பச்சை முளைத்தது.

அப்போதுதான் செலவுப் பிரச்சினை வந்தது. தாராவுக்குத் தீனி வேண்டும், நரி வராமல் மின்வேலி வேண்டும், குளிர்காலத்துக்குக் கொட்டில் வேண்டும், மிருக வைத்தியர் வேண்டும். தாய்ச்சங்கத் தலைவர் போல்க்மன், படை நிற்பது உங்கள் நிலத்தில், ஆகவே செலவு முழுவதும் உங்களுடையது என்று அறிவித்தார். எங்கள் கொலனியின் தலைவி லூட்கே அம்மையார், நாங்கள் எல்லையில் நின்று மற்றக் கொலனிகளையும் காக்கிறோம், ஆகவே செலவு முழுவதும் சங்கத்துடையது என்றார். இருவரும் அதற்குப் பிறகு ஒரே பேக்கரியில் பாண் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள்.

கொலனிக்குள்ளும் ஒற்றுமை இல்லை. செலவை எப்படிப் பிரிப்பது என்று கூட்டம் கூடினோம். ஒருவர் தன் தோட்டம் முழுக்கச் சரளைக்கல், நத்தைக்கு அங்கே வேலையில்லை, தனக்கும் செலவில்லை என்றார். ஒரு பெண் தனக்கு நத்தைகளைப் பிடிக்கும் என்று கண்கலங்கினார். இன்னொருவர் எழுந்து, புல்வெளியைத் தொடுகிற எல்லையின் நீளத்துக்கு ஏற்றபடி ஒவ்வொருவரும் கொடுக்கட்டும் என்றார். அதிகம் எல்லை இருப்பது நேசமலருக்கு. எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தன் கைப்பையின் சிப்பை இழுத்து மூடினார். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. கையைத் தூக்கி, போல்க்மனுடன் நான் பேசுகிறேன் என்றேன். மற்ற எல்லோரும் அவரோடு ஏற்கெனவே கோபம் என்பதால் மறுப்பவர் இருக்கவில்லை.

முதற்பேச்சு படுதோல்வி. நேர்மையாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் தோல்விகளும் பெரியவை. எங்கள் படை விலகினால் நத்தைகள் உங்கள் காரியாலயப் படியேறி முத்திரையைத் தின்னும் என்று நான் முழங்கினேன். போல்க்மன் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்து, யூன் முடிவதற்குள் கொலனி செலவை ஏற்காவிட்டால் தாராக்களை நாட்டுப்புறத்துப் பண்ணை ஒன்றுக்கு அனுப்பிவிடுவோம் என்றார். தேநீரும் தரவில்லை.

வெளியே வந்து நினைத்துச் சிரித்தேன். எங்கள் ஊரில் எத்தனையோ படைகள் வந்து முகாம் போட்டன. ஒன்றும் எங்களிடம் செலவைப் பற்றிப் பேசியதில்லை. வந்து இருந்துவிடும், அவ்வளவுதான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு படை போகாமல் இருக்கட்டும் என்று நான் மன்றாடிக்கொண்டு நின்றேன்.

அன்று மத்தியானம் அப்பிள் மரத்தின் கீழே சாய்கதிரையில் கிடந்தேன். மத்தியான அமைதி என்பது இங்கே சட்டம். தேனீகூட இரகசியமாகத்தான் பறக்கும். கண் மூடியதா இல்லையா என்று தெரியவில்லை. ரயில் ஒன்று மேட்டில் நீளமாக ஊதியது. அது நாதஸ்வரமாகி இறங்கி வந்தது. தாராக்கள் பட்டுடுத்திக் கழுத்தில் மாலையோடு கொலனியின் ஒடுங்கிய ஒழுங்கைகளைச் சுற்றி வந்தன. முன்னுக்கு ஒருவர் குடை பிடித்தார். யாரென்று பார்த்தால் சரளைக்கல்காரர். வேலிகளுக்குப் பின்னால் ஜெர்மன்காரர் எல்லோரும் கைகூப்பி நின்றார்கள். வடை வாசம் வந்தது. எங்கேயோ இரண்டு பேர் சண்டை பிடித்தார்கள். இன்றைக்கு எங்கட நாள், இல்லை எங்கட நாள் என்று.

அந்தச் சண்டையில்தான் நான் கண்விழித்தேன். அந்தச் சண்டையை எனக்குத் தெரியும்.

எங்கள் பிராங்பேர்ட் கோயில் முன்னொரு காலத்தில் கார் ரயர்கள் அடுக்கிவைத்த களஞ்சியம். இன்றைக்கும் மழைநாளில் சந்தனத்தோடு கொஞ்சம் இறப்பர் மணக்கும். ஆனால் திருவிழா வந்தால் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு குடும்பம் உபயகாரர். அன்றைய பூ, அன்னதானம், மேளம் எல்லாம் அவர்கள் செலவு. அன்றைக்குச் சாமி அவர்களுடைய சாமி. போன வருடம் ஐந்தாம் திருவிழா யாருக்கு என்று இரண்டு குடும்பங்கள் கல்யாணப் பேச்சையே முறித்துக்கொண்டன. நான்தான் நடுவில் நின்று தீர்த்தேன். செலவை எப்படிப் பிரிப்பது என்று அங்கே ஒருவரும் கேட்டதில்லை. செலவை எனக்குத் தா என்றுதான் சண்டை. நாங்கள் கொலனியில் செலவைப் பங்குபோடப் பார்த்தோம். பங்குபோடவேண்டியது நாட்களை.

லூட்கே அம்மையாரிடம் ஓடினேன். தாராக்கள் இனி எல்லோருக்கும் பொது இல்லை என்றேன். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தோட்டக்காரருடையவை. அன்றைக்கு அவர்தான் கொட்டில் திறப்பார், தீனி வைப்பார், கொலனி முழுக்கச் சுற்றிக்கொண்டு வருவார், வந்து பார்ப்பவர்களை உபசரிப்பார். கடைசியில் படை அவருடைய தோட்டத்தில் இளைப்பாறும். காசு கொடுப்பதைப் பரிசாக்கச் சொல்கிறீரா என்று அவர் சந்தேகமாகக் கேட்டார். ஓம் என்றேன். ஒரேயொரு நிபந்தனை வைத்தேன். எந்த நாள் யாருடையதாக இருந்தாலும், ஊர்வலம் நேசமலரின் தோட்டத்துப் படலை வாசலில்தான் தொடங்கவேண்டும். விடிந்ததும் எல்லைப்புறத்தை ஒருமுறை துப்புரவாக்கிவிட்டுத்தான் புறப்பாடு. இது எங்கள் சம்பிரதாயம் என்றேன். சம்பிரதாயம் என்றால் ஜெர்மன்காரர் எதிர்த்துப் பேசமாட்டார்கள்.

முதல் நாளை நேசமலரே எடுத்தார். மழையங்கிக்குள் நீலச்சேலை உடுத்து, புகாருக்குள் கொட்டிலைத் திறந்தார். கைத்தொலைபேசியில் நாதஸ்வரத்தைச் சட்டம் அனுமதிக்கிற அளவுக்கு மெதுவாக விட்டோம். தாராக்கள் அதைக் கேட்டு ஒரு கணம் நின்றன. பிறகு தாளத்துக்கு நடந்தன. தாளம் தவறியது ஒன்றே ஒன்றுதான், அது தவில்காரனின் பிழை. வேலிகளில் ஜெர்மன்காரர் கோப்பிக் கோப்பையோடு நின்றார்கள். புகாரில் அவர்களுக்கும் கால் தெரியவில்லை. நேசமலர் எல்லோருக்கும் உளுந்துவடையும் தேநீரும் கொடுத்தார். சத்தமாகப் பேசினால் எல்லாம் கலைந்துவிடும் போலிருந்தது.

அடுத்த நாள்காரி லூட்கே அம்மையார். ஒரு தமிழ்ப் பெண் அவ்வளவு செய்திருக்கத் தான் குறைவாகச் செய்வதா என்று பெரிய தட்டில் பிளம் கேக்கோடு வந்தார். அதற்கடுத்தவர் அக்கோடியன் கொண்டுவந்தார். நத்தைக்காகக் கண்கலங்கிய பெண் தாராக்களின் கழுத்துக்கு டெய்சிப்பூ கட்டினார். சரளைக்கல்காரர் இரண்டு கிழமை பொறுத்துப் பார்த்தார். பிறகு மண்வெட்டி எடுத்துச் சரளை முழுவதையும் அள்ளி அகற்றிப் பூசணி நட்டார், தன் நாளில் படை வந்து இளைப்பாற ஒரு பச்சை வேண்டாமா? தீனி மூட்டைகள் கொட்டில் கூரையைத் தொட்டன. என் கணக்கில் சந்திரனைத் தொட்டன.

யூன் கடைசி. பொழுது படவே மனமில்லாத ஒரு நீண்ட மாலை. ஒழுங்கை முழுக்கத் தேன் நிற வெயில். போல்க்மன் வந்தார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, இறங்கி வந்திருக்கிறார். சங்கம் பாதிச் செலவை ஏற்கும் என்றார். லூட்கே அம்மையார் சந்தோஷத்தில் வாய் திறக்கப் போனார். நான் அவர் காலை மெதுவாக மிதித்தேன். போல்க்மன் ஜெர்மனில் சொன்னதையும் நான் ஜெர்மனில் சொன்னதையும் எங்கள் தமிழிலேயே தருகிறேன்; அதில்தான் ருசி.

“பாதி வேண்டாம், ஹேர் போல்க்மன். கால்வாசியும் வேண்டாம். முழுக்க நாங்களே பாக்கிறம். நீங்கள் கஷ்டப்படாதேங்கோ.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்நேரம் பார்த்து மாலை ஊர்வலம் ஒழுங்கையில் திரும்பியது. அக்கோடியன் முன்னால், தாராக்கள் நடுவில், குளிர்பான வண்டில் பின்னால். படை அவரைக் கடந்து போனது. ஒரு தாராவாவது அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் தலை தானாகத் திரும்பி அவற்றின் பின்னால் போனது.

“உதில சங்கத்தின்ரை நாள் எது?” என்றார்.

“சங்கத்துக்கு நாள் இல்லை.”

“தாரா எங்கட தாரா.”

“ஓம். ஆர் இல்லையெண்டது? தாரா உங்கட. நாள்தான் எங்கட.”

அவர் அக்கோடியன் சத்தம் தேயும்வரைக்கும் அப்படியே நின்றார். பிறகு சங்கத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தரும்படி கேட்டார். ஞாயிறுகள் எல்லாம் போய்விட்டன என்றேன். தீனிச் செலவைச் சங்கம் ஏற்கும் என்றார். லூட்கே அம்மையார் கடைசியில் விளங்கிக்கொண்டு, யோசிக்கவேண்டும் என்று வானத்தைப் பார்த்தார். மின்வேலிச் செலவையும் ஏற்கும் என்றார் போல்க்மன். நான் பெருமூச்சு விட்டேன். குளிர்காலக் கொட்டில், வைத்தியர், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எங்கள் முன்னால் வைத்தார். கடைசியில் என் கையைப் பிடித்தார். சரி, பழகின மனிதர் என்பதற்காக, ஒவ்வொரு மாதமும் ஒரு ஞாயிறு விட்டுக்கொடுத்தோம். மனிதர் பேக்கரிக்குப் போய் எல்லோருக்கும் கேக் வாங்கி வந்தார். அதைத் தின்னும்போது ஒரு விமானம் மிகத் தாழ்வாக வந்து, எங்களுக்காக இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சத்தமில்லாமல் போனது.

இதை அன்றிரவே தொலைபேசியில் சொன்னேன். தபோதரன் முழுவதையும் கேட்டான். “அண்ணை, ஜெர்மன்காரன் செலவைத் தா தா எண்டு கேட்டவனோ? உதை நீங்கள் தாராவுக்குச் சொன்னாலும் நம்பாது” என்றான். அக்காவுக்கு வீண் ஆசை காட்டவேண்டாம் என்றும் சொன்னான். ஓகஸ்டில் வான் ஒன்று எடுத்துக்கொண்டு வந்து அவருடைய சாமான்களை ஏற்றிக்கொண்டு போவதாகச் சொல்லித் தொலைபேசியை வைத்தான்.

சொன்னபடியே வந்தான். பெகேஹுங் நாள், ஞாயிற்றுக்கிழமை, விடிகிற வெள்ளாப்பு. வழமையாக அது வேலைநாளில்தான் நடக்கும். சங்கத்தின் நாளோடு சேரட்டும் என்று போல்க்மன்தான் தள்ளிவைத்தார். தபோதரன் ஸ்டுட்கார்ட்டிலிருந்து ராவோடு ராவாக வான் ஓட்டிவந்து, அதைப் படலைக்கு வெளியே நிறுத்தி, வெறும் கார்ட்போர்ட் பெட்டிகளோடு புகாருக்குள் இறங்கினான். நேசமலரின் தோட்டம் அவனுக்குத் தெரியவில்லை. புகார் முழுவதையும் மூடியிருந்தது. அவர் படலைக்குள் நின்றார். அவருக்கும் உள்ளே என்ன மிஞ்சியிருக்கிறது என்று சரியாகத் தெரியாது. முதல்நாள் முழுக்க மழை, நத்தைக்குக் கொண்டாட்டமான மழை. கையைச் சேலைத்தலைப்புக்குள் சுற்றிக்கொண்டு நின்றார். நான்கூட அந்நேரம் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

பிறகு கழுத்துகள் தெரிந்தன.

தாராக்களுக்கு முன்னால் போல்க்மன் வந்தார். வெள்ளைச் சேர்ட், கழுத்துப்பட்டி, தோளில் தீனிச்சாக்கு. பின்னால் சங்கத்தார் மூன்று பேர். சம்பிரதாயப்படி படலையைத் திறந்தார். படை உள்ளே இறங்கியது. நாங்கள் அதன் பின்னால் போனோம். தாராக்கள் நடக்க நடக்கப் புகார் விலகியதா, வெயில் ஏறியதா, எனக்குத் தெரியாது. முதலில் போஞ்சிக்கொடி. பிறகு மிளகாய். பிறகு சிவப்புக் கீரைப் பாத்தி, அதன் நுனிகளில் மழைத்துளி. கடைசியில் பூசணி, வேலி தாண்டிப் புல்வெளிக்கே படையெடுத்துப் போயிருந்தது. ஒரு காயில் நான் ஏறி இருந்தால் கால் நிலத்தில் முட்டாது.

சங்கத்தார் அளவுநாடாவை எடுத்தார்கள். போல்க்மன் வேண்டாம் என்று கைகாட்டினார். மூன்றில் ஒரு பங்கு எங்கே, மூன்றில் மூன்று பங்கு அல்லவா இருக்கிறது என்றார். தோட்டம் அவருடையதுதான் என்று நேசமலரின் கையைக் குலுக்கினார். நேசமலர் சேலைத்தலைப்பிலிருந்து கையை எடுத்து, ஒரு பூசணி இலையைச் சும்மா நிமிர்த்திவிட்டார்.

தபோதரன் பெட்டிகளை நிலத்தில் வைத்தான். ஆனாலும் தபோதரன் தபோதரன்தான். போல்க்மனிடம் நேரே போய், இந்தத் தாராக்களுக்கு யார் செலவு என்று கேட்டான். போல்க்மன் நிமிர்ந்து நின்று, முழுவதும் தாய்ச்சங்கம்தான் என்றார். கொலனிக்காரர் லேசில் விடவில்லை, கடுமையாகப் பேசித்தான் வாங்கினோம் என்றார். சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. தழுதழுத்தது என்பதில் நான் எதையும் கூட்டவில்லை.

தபோதரன் என்னிடம் திரும்பி வந்தான். நெடுநேரம் தாராக்களைப் பார்த்தான். அவை இப்போது ஒழுங்கையில் ஏறி, வெயிலுக்குள் நீள வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

“அண்ணை,” என்றான், “பேத்தி பிறந்து முப்பத்தோராம் நாள் அடுத்த மாதம் வருது. ஒரு நாள் எடுக்க ஏலுமோ?”

“எதிலை நாள்?”

“உந்தத் தாராவிலைதான்.”

“நடக்காத ஒண்டிலை எப்பிடியடா நாள் தாறது?”

அவன் அக்காவைப் பார்த்தான். நேசமலர் கீரைப் பாத்தியில் குனிந்தபடியே, “என்னைப் பாக்காதை. அவரிட்டைச் சொல்லு” என்றார். பிறகு, “என்ரை நாளை உனக்குத் தாறன். முதல் வாயாலை சொல்லு” என்றார்.

தபோதரன் தொண்டையைச் செருமினான். ஒழுங்கையில் இருந்த சரளைக்கல்காரர்கூட என்னவோ நடக்கிறது என்று நின்றுவிட்டார்.

“நடந்தது அண்ணை,” என்றான். “நான் கண்ணாலை கண்டனான். நடந்தது.”